12க்கு 10 கண்ணாடி அறை: மூன்று கொட்டேஷன், மூன்று விலை. எதை வைத்து நம்புவது?

எருத்தேம்பதி_தென்னை | ஆகஸ்ட் 11, 2025

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து எருத்தேம்பதி பக்கம், தோப்புக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபிறகு வாசல்படி இறங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடி அறை கட்டிக் கொடுத்தால் காலை வெயிலில் உட்காருவார், தொட்டிச் செடிகளைப் பார்த்துக்கொள்வார், மழைக்காலத்திலும் தோப்பு கண்ணில் படும் என்று நினைத்தோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. 12 அடிப் பக்கம் வீட்டுச் சுவரோடு சேரும்.

மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் 1,85,000 என்றார். இன்னொருவர் 3,40,000. மூன்றாமவர் 5,35,000. சதுர அடிக்குப் பார்த்தால் 1,540, 2,830, 4,460 என்று வருகிறது. ஒரே அறைக்கு எப்படி மூன்று மடங்கு வித்தியாசம் வரும்? இணையத்தில் தேடினால் லண்டன் கணக்கு வருகிறது. அதை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

எது மலிவு என்று நான் கேட்கவில்லை. எஸ்டிமேட் போடுகிறவர்கள் இந்தத் தொகையை எங்கிருந்து எடுக்கிறார்கள், அது நம்பத்தக்கதா என்று என்னைப் போன்ற ஒருத்தி எப்படிச் சரிபார்ப்பது, அதுதான் தெரியவேண்டும்.

வேலந்தாவளம்_வெல்டர் | ஆகஸ்ட் 11, 2025

அக்கா, அந்த 1,85,000 கொட்டேஷன்ல அலுமினிய செக்ஷன், அதான் சட்டத்துக்குப் போடற குழாய், எத்தனை எம்எம் கனம்னு போட்டிருக்காங்க? இரும்பு எத்தனை கிலோ? ரெண்டும் இல்லைன்னா அதை எஸ்டிமேட்னு எடுத்துக்காதீங்க. கேட்டு வாங்கிப் போடுங்க, சொல்றேன்.

ரசமட்டம் | ஆகஸ்ட் 12, 2025

அம்மா, நான் பாலக்காட்டுச் சித்தூரிலும் பிறகு பொள்ளாச்சியிலுமாக 22 வருடம் எஸ்டிமேட் போட்டவன். கேட்கவேண்டியதைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், சதுர அடிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவதை நிறுத்துங்கள். செங்கல் வீட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். கண்ணாடி அறைக்குப் பொருந்தவே பொருந்தாது. இங்கே பணம் போவது தரைக்கு அல்ல. சுற்றி நிற்கும் கண்ணாடிக்கும் மேலே இருக்கும் கூரைக்கும் போகிறது.

உங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் 8 அடி உயரம், வீட்டுச் சுவரில் 9.5 அடி என்று வைத்தால் கூரைக்கு நல்ல சரிவு கிடைக்கும். முன்பக்கம் 12 பெருக்கல் 8, அதாவது 96. பக்கங்களின் சராசரி உயரம் 8.75, நீளம் 10, இரண்டு பக்கமும் சேர்த்து 175. ஆக மூன்று பக்கமும் 271 சதுர அடி. கீழே 2 அடிக்குக் குட்டைச் சுவர் கட்டினால் 64 கழிந்து கண்ணாடி 207. கூரை சரிவாக நீண்டு, முன்னால் ஒரு அடியும் பக்கத்தில் அரை அடி வீதமும் வெளியே வரும். அது 144. தரை 120 சதுர அடிதான், ஆனால் மூடவேண்டிய பரப்பு 415.

இப்போது இதே அறையை 24க்கு 10 ஆக்குங்கள். தரை இரண்டு மடங்கு. மூடும் பரப்பு 645 அளவில் நிற்கும், ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். பக்கத்து வீட்டுக்காரர் 24 அடியில் கட்டி "சதுர அடிக்கு இவ்வளவுதான் ஆச்சு" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த விலையை உங்கள் 12 அடி அறைக்குப் போட்டால் பாதியில் வேலை நிற்கும். அளவு வேறு, விலை வேறு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதாத எந்தத் தொகையையும் சரிபார்க்க வழி கிடையாது.

மூன்று கொட்டேஷனிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது, என்னென்ன சேரவில்லை என்று கேட்டு இங்கே போடுங்கள். அஸ்திவாரம், தளம், டைல், கண்ணாடியின் கனமும் வகையும், கூரை, பாத்தி (கூரைத் தண்ணீரை வாங்கி வடிக்கும் ஓடை), சுவரும் கூரையும் சேரும் இடத்துத் தகடு, மின் வேலை, வண்டி வாடகை, இறக்குகூலி, வரி. ஒவ்வொன்றுக்கும் "உண்டு" அல்லது "இல்லை". "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்று சொன்னால் அதை "இல்லை" என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

எருத்தேம்பதி_தென்னை | ஆகஸ்ட் 15, 2025

நான்கு நாள் போன் பண்ணியே போனது. விவரம் இது.

முதலாமவர்: 5 எம்எம் சாதாரணக் கண்ணாடி, அலுமினியம் 1.2 எம்எம், பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட்) கூரை. அஸ்திவாரம், தளம், பாத்தி, லைட், வண்டி எதுவும் இல்லை. வரி தனி. இரும்பு கிலோக் கணக்கு கேட்டேன், "தேவைக்குப் போடுவோம்" என்றார்.

இரண்டாமவர்: 8 எம்எம் டஃபண்ட் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கிய) கண்ணாடி, அலுமினியம் 1.5 எம்எம், 10 எம்எம் பாலிகார்பனேட் கூரை. அஸ்திவாரமும் குட்டைச் சுவரும் உண்டு, வரி உண்டு. டைல், பாத்தி, மின் வேலை, இறக்குகூலி இல்லை.

மூன்றாமவர்: எல்லாம் உண்டு. கூரையே லேமினேட்டட் கண்ணாடி, அதாவது நடுவில் படலம் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடி.

ரசமட்டம் | ஆகஸ்ட் 16, 2025

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா. இப்போது மூன்றையும் ஒரே அறையாக்கிப் பார்ப்போம். இரண்டாமவர் சொன்ன கண்ணாடி, பாலிகார்பனேட் கூரை, மற்ற எல்லா வேலையும் சேர்த்து என்று வைத்துக்கொள்கிறேன். இந்த மாதம் நான் பொள்ளாச்சியிலும் சித்தூரிலும் விசாரித்த விலையைப் போடுகிறேன்.

முதலாமவருக்கு: சாதாரணக் கண்ணாடியை டஃபண்ட் ஆக்க 207 சதுர அடிக்கு 95 ரூபாய் வீதம் ஏறும். அதையும் சேர்த்து 18 சதவீதம் வரி போட்டால் 2,41,500. அஸ்திவாரம், குட்டைச் சுவர், டைல் 95,000. பாத்தியும் தகடும் 18,000. மின் வேலை 14,000. வண்டி, இறக்குகூலி 12,000. மொத்தம் 3,80,500.

இரண்டாமவருக்கு டைல் 26,000, மற்றவை 44,000 சேர்த்தால் 4,10,000.

மூன்றாமவருக்குக் கழிக்கவேண்டும். கண்ணாடிக் கூரைக்கும் பாலிகார்பனேட்டுக்கும் சதுர அடிக்கு 520 ரூபாய் வித்தியாசம், 144 சதுர அடிக்கு 74,900. கனத்தைத் தாங்கப் போட்ட கூடுதல் இரும்பு 150 கிலோ, 22,500. மீதி 4,37,600.

மூன்று மடங்காக இருந்த இடைவெளி இப்போது 15 சதவீதம். இவர்களில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு அறைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஒரே தாளில் அளவையும் வகையையும் எழுதி மூன்று பேர் கையிலும் கொடுத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு எம்எம் கனத்துக்கு 2.5 கிலோ. 5ம் 5ம் ஒட்டிய லேமினேட்டட் என்றால் நடுப்படலத்தோடு 27 கிலோ அளவில் வரும். உங்கள் 144 சதுர அடிக் கூரை 13.4 சதுர மீட்டர், ஆக 360 கிலோ தலைக்கு மேல் நிற்கும். அதே இடத்தில் 10 எம்எம் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் போட்டால் 23 கிலோ. தூண், உத்தரம், அஸ்திவாரம் எல்லாமே இதனால்தான் மாறுகிறது. தலைக்கு மேல் கண்ணாடிதான் வேண்டும் என்றால் லேமினேட்டட் மட்டுமே. வெறும் டஃபண்ட் கூடாது. அது எப்போதாவது காரணம் தெரியாமல் தானாகவே நொறுங்கும். லேமினேட்டட் உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழே உட்காரப்போவது உங்கள் அம்மா.

வேலந்தாவளம்_வெல்டர் | ஆகஸ்ட் 16, 2025

சார் சொன்னது நூத்துக்கு நூறு. அப்பவும் முதலாமவர் முப்பதாயிரம் கம்மியா வர்றாரில்ல, அது 1.2 எம்எம் செக்ஷனாலதான். நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வருஷத்துல பாதி நாள் அடிக்குது. மெல்லிசு செக்ஷன் ஆடும், ஆடினா சந்துல அடைச்ச சிலிக்கான் பசை பிரியும், பிரிஞ்சா தண்ணி உள்ள வரும்.

இரும்புல ஒரு விஷயம் அக்கா. 40க்கு 40 சதுரக் குழாய், 2 எம்எம்னா மீட்டருக்கு 2.3 கிலோ. 20 அடி லெங்த்து ஒண்ணு 14 கிலோ இருக்கணும். கடையில 2 எம்எம்னு சொல்லிக் கொடுக்கிறது சிலசமயம் 1.6தான் இருக்கும். பெயின்ட் அடிச்சுட்டா கண்ணுக்குத் தெரியாது. தராசுல ஒரு லெங்த்தை வெச்சுப் பாருங்க, பதினொண்ணரைக்குள்ள நின்னுடும். நான் இரும்பு இறக்கும்போது வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுத் தராசு முன்னாடி நிக்க வெச்சிடுவேன். எனக்கும் பின்னால பேச்சு வராது.

லெஸ்டர்_கொழிஞ்சாம்பாறை | ஆகஸ்ட் 18, 2025

அக்கா, நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். ஒன்பது வருடமாக இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். போன வருடம் வீட்டுக்குப் பின்னால் இதே மாதிரி ஒன்று கட்டினேன். நீங்கள் பார்த்த லண்டன் கணக்கை மறந்துவிடுங்கள், அது வேறு பொருளின் விலை.

இங்கே இந்த அறை கட்டுவதே குளிருக்காக. இரட்டைக் கண்ணாடி, நடுவில் காற்றிடைவெளி, தரைக்கு அடியில் இன்சுலேஷன், அதற்கேற்ற கண்ணாடிச் சட்டகம். மேலே 20 சதவீதம் வாட் வரி. கூலியும் பெரிய பங்கு. நம் ஊருக்கு வேண்டியது நேர் எதிர், வெயிலை வெளியே நிறுத்தவேண்டும். அரசு விதிகளும் வேறு. இங்கே தரைமட்டத்தில், 30 சதுர மீட்டருக்குக் குறைவாக, வீட்டிலிருந்து வெளிக்கதவு போன்ற கதவால் பிரித்துக் கட்டினால் பெரும்பாலும் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அந்தக் கதவை எடுத்துவிட்டு வீட்டோடு ஒன்றாக்கினால் விலக்கு போய்விடும், செலவு குதிக்கும். ஒரு கதவு இருப்பதும் இல்லாததுமே விலையை மாற்றுகிறது. அதை ரூபாயாக மாற்றி என்ன பயன்?

ஆனால் இங்கே கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்றும் இருக்கிறது. கட்டடச் செலவை மதிப்பிடும் சர்வேயர்களின் சங்கம் 1962ல் பிசிஐஎஸ் என்று ஒரு கட்டட விலைத் தகவல் அமைப்பைத் தொடங்கியது. உண்மையில் போடப்பட்ட டெண்டர்களிலிருந்து விலையை எடுத்துத் தேதியோடும் ஊரோடும் சேர்த்து வைக்கிறார்கள். யாரோ ஒருவர் வாயில் வந்த தொகை அதில் இல்லை. நான் கொட்டேஷன் கேட்கும்போது விலை சொல்லும் இணையப் பக்கங்கள் நிறையப் பார்த்தேன். சிலவற்றில் எந்த மாதத்து விலை, எந்தப் பகுதி, எதெல்லாம் சேர்ந்தது என்று இருந்தது. ஒற்றைத் தொகை சொல்லாமல் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு, நடுவில் பெரும்பாலோர் கொடுத்தது இவ்வளவு என்றிருந்தது. அவை பெருமளவு சரியாகவே வந்தன. "இதிலிருந்து தொடக்கம்" என்று ஒரே தொகை போட்டு, கீழே போன் நம்பர் கேட்ட பக்கங்கள் எதுவும் சரியாக வரவில்லை. அவர்கள் விலையை விசாரிக்கவில்லை, ஆள் பிடிக்கிறார்கள்.

நகரி_தறி | ஆகஸ்ட் 19, 2025

எல்லாரும் பெரிய கணக்காகப் போடுகிறீர்கள். நான் ஆந்திராவில் நகரிக்காரன், தறி ஓட்டுகிறவன். என் அனுபவத்தில் மேஸ்திரி நல்லவராக இருந்தால் போதும். காகிதத்தில் எழுதி வாங்கியும் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று கேட்கவேண்டும். அரசாங்கத்தில் ரேட் புத்தகம் இருக்கிறதே, அதைப் பார்த்தே விலையைச் சொல்லிவிட முடியாதா?

ரசமட்டம் | ஆகஸ்ட் 19, 2025

நகரி அண்ணாவுக்கு. நல்ல மேஸ்திரி கிடைப்பது பெரும் பேறு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல மேஸ்திரிக்கும் மறதி உண்டு. காகிதம் அவருக்கும் சேர்த்துத்தான். இதுவரை நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை திருட்டால் வந்தவை அல்ல. "பாத்தி உங்கள் வேலை என்று நினைத்தேன்", "இல்லை உங்கள் வேலை என்று நினைத்தேன்", இந்த இரண்டு வாக்கியத்தால் வந்தவை.

ரேட் புத்தகம் பற்றி. மத்தியப் பொதுப்பணித் துறை டெல்லி விலையை வைத்து டிஎஸ்ஆர் என்று ஒரு பட்டியல் போடுகிறது. கேரளப் பொதுப்பணித் துறையும் அதையே எடுத்துக்கொண்டு ஊருக்கு ஊர் விலைக் குறியீட்டால் பெருக்குகிறது. அதற்குத் துணையாக இன்னொரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கிலோ பொருள், எத்தனை ஆள் நாள், எவ்வளவு வண்டி என்று பிரித்துக் காட்டும். எனக்கு அந்த இரண்டாவது புத்தகம்தான் பொக்கிஷம். விலை பழசாகிவிடும். ஒரு சதுர மீட்டர் டைல் ஒட்ட எவ்வளவு சிமென்ட், எத்தனை ஆள் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. அளவை அங்கிருந்து எடுத்து, விலையை நம் கடைத்தெருவில் விசாரித்து ஒட்டினால் கணக்கு நிற்கும்.

இன்னொன்றும் அதிலிருந்து தெரியும். ஒப்பந்தக்காரரின் லாபமும் மேல்செலவும் என்று 15 சதவீதத்தை அந்த விலைக்குள் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறார்கள். உழைக்கிறவருக்கு லாபம் வேண்டும். கொட்டேஷனில் லாபமே தெரியவில்லை என்றால் அது மெலிந்த செக்ஷனிலோ விடுபட்ட பாத்தியிலோ ஒளிந்திருக்கிறது.

பட்டியலில் இல்லாத பொருளுக்கு, பாலிகார்பனேட் மாதிரி, சந்தை விலையை மூன்று இடத்தில் விசாரிக்கவேண்டும். மூன்றும் மூன்று தனித்தனிக் கடையாக இருக்கவேண்டும். ஒரே மொத்த வியாபாரியிடம் எடுத்து விற்கும் மூன்று கடையில் கேட்டால் ஒரே விலையை மூன்று தடவை கேட்டதாகத்தான் ஆகும். நானே ஒருமுறை அப்படி ஏமாந்து ஒரு எஸ்டிமேட்டைக் குறைத்துப் போட்டுவிட்டேன். அந்த வீட்டுக்காரருக்கு 40,000 ரூபாய் கூடுதலாக ஆனது, இன்றும் அவரைக் கடைத்தெருவில் பார்த்தால் அது ஞாபகம் வரும்.

என் நோட்டில் ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் தேதி, கடை, வரி சேர்ந்ததா சேராததா, பொருள் நம் வாசலிலா அவர் வாசலிலா என்று எழுதுவேன். தேதியில்லாத விலையைச் சிவப்பு மையால் அடித்துவிடுவேன்.

நகரி_தறி | ஆகஸ்ட் 20, 2025

சரிங்க சார், ஒத்துக்கொள்கிறேன். தேதி என்றதும் எனக்கு நடந்தது ஞாபகம் வருகிறது. சென்னையிலிருந்து கண்ணாடி எடுக்க ஒரு கடையில் விலை வாங்கி வைத்திருந்தேன். "15 நாள் மட்டும்" என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. தறியில் பணம் முடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் போனேன். விலை மாறியிருந்தது. கடைக்காரர் மேல் கோபப்பட்டேன், தப்பு என்னுடையதுதான்.

ஒரு சந்தேகம். எல்லை தாண்டி வாங்கினால் வரி கூடுமா? இங்கே நாங்கள் ஆந்திரா, கடை தமிழ்நாடு.

ரசமட்டம் | ஆகஸ்ட் 20, 2025

வரி கூடாது. அதே மாநிலத்தில் வாங்கினால் 9ம் 9ம் என்று இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள், எல்லை தாண்டினால் ஒரே வரியாக 18. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 32 கேரளா, 33 தமிழ்நாடு, 37 ஆந்திரா. ஒரு பில்லில் 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு எல்லை தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு, வேண்டும். பழைய மாதிரி வரிச் செக்போஸ்டில் காத்துக்கிடப்பது 2017 ஜூலையோடு போய்விட்டது.

விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் தானே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைக்காரர் உங்களிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. அவர் பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாக ஏற்றினால் கேளுங்கள்.

எல்லை தாண்டும்போது கூடுவது வண்டி வாடகையும் இறக்குகூலியும். எங்கள் பக்கம் கண்ணாடி இறக்க, பதிவு பெற்ற சுமைத் தொழிலாளர்கள் வருவார்கள். அது அவர்கள் பிழைப்பு, கணக்கில் சேர்த்தே வையுங்கள். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கூலிப் பட்டியல் இருக்கிறது, ரசீது கேட்டு வாங்கலாம். வேலை செய்யாமல் வேடிக்கை பார்த்ததற்குக் கூலி கேட்கும் நோக்குகூலியைக் கேரளம் 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது.

மூணாறு_தேயிலை | ஆகஸ்ட் 22, 2025

நாலு வருடத்துக்கு முன்னால் இங்கே மூணாறில் இப்படி ஒரு கண்ணாடி அறை கட்டினேன். எஸ்டிமேட்டில் எனக்கு விட்டுப்போனது கட்டி முடித்தபிறகு வரும் செலவு. காலையில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து ஒழுகும், மெத்தை நனையும். மேலே காற்று போக வழி வைக்கவில்லை, பிறகு வெட்டி வைத்தோம். வீட்டுச் சுவரோடு கூரை சேரும் இடத்தில் தகடு சுவருக்குள் ஏறாமல் மேலே ஒட்டியிருந்தார்கள். முதல் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் சுவர் முழுக்கத் தண்ணீர். இரண்டு தடவை சிலிக்கான் அடித்தும் நிற்கவில்லை. சுவரைக் கீறித் தகட்டை உள்ளே செருகிப் பூசியபிறகுதான் நின்றது. எஸ்டிமேட்டில் "தகடு" என்று மட்டும் எழுதாதீர்கள், "சுவர் கீறிச் செருகி" என்று எழுதுங்கள். இரண்டுக்கும் விலை வேறு.

பாலிகார்பனேட்டில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் யூவி பூச்சு, அதாவது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. அந்தப் பக்கம் வெயிலைப் பார்த்து இருக்கவேண்டும். என் பக்கத்து எஸ்டேட் வீட்டில் திருப்பிப் போட்டு, மஞ்சளடித்துப்போய் முழுக் கூரையும் மாற்றினார்கள்.

வேலந்தாவளம்_வெல்டர் | ஆகஸ்ட் 22, 2025

அந்த ஷீட்டு வெயில்ல நீளும்ங்க. 3 மீட்டர் ஷீட்டு, 40 டிகிரி வித்தியாசத்துக்கு 8 எம்எம் கிட்ட நீளும். ஸ்க்ரூ ஓட்டையைப் பெருசாப் போட்டு வாஷர் வெக்கணும். இல்லைன்னா ராத்திரியில டப்பு டப்புன்னு சத்தம் வரும், பின்னால ஓட்டையைச் சுத்தி கீறும்.

கண்ணாடி விலையில எல்லாரும் தவறவிடறது ஒண்ணு சொல்றேன். கண்ணாடிக் கடையில நிஜ அளவுக்கு விலை போடமாட்டாங்க, மேல ஏத்தி முழுசாக்குவாங்க. நான் எடுக்கிற கடையில ஆறு அங்குல மடங்கு. 31க்கு 67 அங்குலம் கண்ணாடின்னா நிஜத்துல 14.4 சதுர அடி. அவங்க 36க்கு 72 போட்டு 18 சதுர அடிக்கு பில் போடுவாங்க. பில்லுல அஞ்சுல ஒரு பங்கு காத்துக்குக் காசு. அதனால நான் சட்டம் அடிக்கிறதுக்கு முன்னாடியே கடையோட மடங்கு என்னன்னு கேட்டுட்டு, கண்ணாடி 30க்குள்ளயோ 36க்குள்ளயோ அடங்கற மாதிரி தூண் இடைவெளியை வெச்சுக்குவேன்.

ரசமட்டம் | ஆகஸ்ட் 24, 2025

வெல்டர் தம்பி சொன்னதை நான் 22 வருடத்தில் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எஸ்டிமேட்டுக்கான விசாரணை என்பது இதுதான். கடைக்காரரிடம் விலை மட்டும் கேட்டால் போதாது, அந்த விலையை எதன் மேல் பெருக்குவார் என்றும் கேட்கவேண்டும்.

அம்மா, நீங்கள் தனிச்செய்தியில் அனுப்பிய படத்தை வைத்து என் கணக்கு:

அஸ்திவாரம், குட்டைச் சுவர், தளம், டைல்: 95,000
இரும்புச் சட்டம் 310 கிலோ, 150 வீதம்: 46,500
அலுமினியம், 8 எம்எம் டஃபண்ட், 207 சதுர அடி, 720 வீதம்: 1,49,040
கதவு: 28,000
பாலிகார்பனேட் 144 சதுர அடி, 260 வீதம்: 37,440
பாத்தி, சுவர் கீறிச் செருகிய தகடு: 18,000
மின் வேலை: 14,000
வண்டி, இறக்குகூலி: 12,000

மொத்தம் 4,00,000. இவை எல்லாம் வரி சேர்த்து, ஆகஸ்ட் மாத விலை. எதிர்பாராச் செலவுக்கு 8 சதவீதம், 32,000, தனியாக எடுத்து வையுங்கள். அதை ஒப்பந்தக்காரரிடம் சொல்லவேண்டாம்.

எனக்குப் பயமுள்ள இடம் ஒன்றே ஒன்று, பட்டியலில் முதலில் இருக்கும் அஸ்திவாரம். எருத்தேம்பதி பக்கம் கரிசல் மண். மழையில் ஊதும், கோடையில் பிளக்கும். கண்ணாடிச் சட்டத்துக்கு அது பெரிய எதிரி. குழி தோண்டிப் பார்க்காமல் அந்த 95,000க்கு நான் உறுதி சொல்லமாட்டேன். பட்டியலில் மற்றவை எல்லாம் ஐந்து சதவீதம் முன்னே பின்னே நிற்கும்.

வேலை தொடங்குமுன் பஞ்சாயத்தில் அனுமதி கேளுங்கள். வீட்டின் மொத்தப் பரப்பு 278.7 சதுர மீட்டரை எட்டினால் ஆண்டுதோறும் கூடுதலாக ஒரு வரி வரும். உங்கள் வீடு எவ்வளவு?

எருத்தேம்பதி_தென்னை | ஆகஸ்ட் 24, 2025

வீடு 1,640 சதுர அடிதான் சார். அந்தப் பயமில்லை. ஐப்பசி மழை விட்டபிறகு தொடங்குகிறோம். முடிந்ததும் ஒவ்வொரு பில்லையும் இங்கே போடுகிறேன், சத்தியம்.

எருத்தேம்பதி_தென்னை | ஜனவரி 19, 2026

சொன்னபடி வந்துவிட்டேன். இரண்டாமவரிடம்தான் கொடுத்தோம், எல்லாருக்கும் ஒரே தாள் கொடுத்து மறுபடி விலை வாங்கியபிறகு. பொங்கலுக்கு முந்தின நாள் அம்மா அறையில் உட்கார்ந்தார். மொத்தச் செலவு 4,26,650. சாருடைய 4,00,000க்கு ஆறரை சதவீதத்துக்குச் சற்று மேல், ஒதுக்கிய 32,000க்குள் அடங்கிவிட்டது.

எங்கே மாறியது என்று வரிவரியாகச் சொல்கிறேன். அஸ்திவாரத்தில் 21,000 கூடியது. மூன்றடி தோண்டியும் கறுப்பு மண்தான், இன்னும் தோண்டி கிராவல் நிரப்பினோம். சிமென்ட் வரி செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 ஆனதால் 1,100 மிச்சம். இரும்பு 310க்குப் பதில் 337 கிலோ. காற்றுக்காக மூலையில் குறுக்குச் சட்டம் போட்டார்கள், 4,050. ஒவ்வொரு லெங்த்தையும் தராசில் பார்த்தோம், 14 கிலோ சரியாக இருந்தது. மின் வேலையில் 2,500 குறைந்தது. இறக்குகூலி 1,800 கூடியது, ரசீது இருக்கிறது.

வலித்த செலவு 3,400. வடக்குப் பக்கக் கண்ணாடிக்குச் சுவர்ப் பூச்சு முடியும் முன்பே அளவெடுத்துவிட்டார்கள். கண்ணாடி வந்த அன்று இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நின்றார்கள், சட்டத்துக்குள் இறங்கவில்லை. முக்கால் அங்குலம் அதிகம். டஃபண்ட் ஆனபிறகு அதை வெட்டவோ தேய்க்கவோ முடியாதாம். அந்தக் கண்ணாடி இப்போது மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. புதிதாக ஒன்று போட்டார்கள்.

வேலந்தாவளம்_வெல்டர் | ஜனவரி 19, 2026

பூச்சு காஞ்சபிறகு, மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல அளந்து, இருக்கிறதுல சின்ன அளவைத்தான் கொடுக்கணும்ங்க அக்கா. மனசு கஷ்டமாயிருக்கு. அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போடாதீங்க, அம்மாவுக்கு டீப்பாய் மேல்பலகை ஆக்கிடலாம். நான் கால் அடிச்சுத் தர்றேன், வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம்தான் வேலை.

ரசமட்டம் | ஜனவரி 20, 2026

அம்மா, உங்கள் கணக்கை என் நோட்டில் ஏற்றிவிட்டேன். கரிசல் மண் அஸ்திவாரத்துக்கு இனி நான் 95,000 போடமாட்டேன், 1,15,000 போடுவேன். இந்த அளவு அறைக்குச் சித்தூருக்குக் கிழக்கே உங்கள் பில்தான் ஆதாரம். இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. கிராவல் எத்தனை லோடு? மண் குழி முடிவில் எத்தனை அடி?

எருத்தேம்பதி_தென்னை | ஜனவரி 20, 2026

நாலே முக்கால் அடி. கிராவல் இரண்டு லோடு, டிசம்பர் 2ஆம் தேதி பில், வண்டி வாடகை அதிலேயே சேர்த்தி.